மெதுவாக ஓட்டியவர் மேல் ஒரு புகார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ்களில் இப்போது வேகம் கூடினால் கத்துகிற ஒரு கருவியை மாட்டியிருக்கிறார்களாம். புதிதாக வந்த டிரைவர் அது ஒரு தடவைகூடக் கத்தாமல் ஓட்டுகிறாராம். மாதனூர் பக்கம் மெயின் ரோடு வந்து சேர்வதற்குள் தூக்கமே வந்துவிடுகிறதாம்.

"சைக்கிள்காரன் கூட முந்திக்கினு போறான்க்கா. தினம் லேட்டு. ரொம்ப பேஜாரா இருக்குது. நீங்க ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

"ரிட்டையர் ஆனவ பேச்சு எங்கடி எடுபடும்?"

"இன்னாக்கா இப்டி சொல்றீங்க? ஒரே வார்த்தைல ஒரு டிரைவரையே தூக்குனவங்களாச்சே நீங்க. எங்கம்மா இன்னிக்கும் சொல்லும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "போங்கடி, வேலையத்தவளுங்களா" என்று கத்தி விரட்டிவிட்டேன். அக்காவுக்கு இன்று மூடு சரியில்லை என்று பேசிக்கொண்டே போனார்கள். அந்த ஒரு வார்த்தை என்ன வார்த்தை என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. இங்கே எழுதுகிறேன். மானம் போகிறது; போகட்டும்.

என் பெயர் விஜயா. பத்தாவது பெயில் ஆன கையோடு கம்பெனிக்குப் போனேன். முதலில் தோல் துண்டுகளுக்குப் பசை தடவும் ஹெல்பர். அந்தப் பசை வாடையில் முதல் வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அப்புறம் மெஷின் கற்றுக்கொண்டேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்தே இருந்து, கடைசியில் அந்த லைனுக்கே சூப்பர்வைசர் ஆனேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அதனால்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதே வாய்க்காக எங்கள் பஸ்ஸுக்கும் என்னையே லீடராகப் போட்டார்கள். யார் ஏறினாள், யார் ஏறவில்லை என்று பார்த்துச் சொல்வது லீடர் வேலை.

லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தி தைத்த துண்டு அடுத்தவளிடம் போகும், அவள் தைத்தது அதற்கடுத்தவளிடம். நடுவில் ஒரு மெஷினில் ஆள் இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பஸ் லேட் என்றால் ஒரு மெஷின் இல்லை, பாதி லைனே காலி. கேட் மூடிவிட்டால் அரை நாள் சம்பளம் வெட்டு. சுவரில் டார்கெட் எழுதிய போர்டு இருக்கும். எந்த லைன் எத்தனை ஜோடி முடித்தது என்று அதில் வரிசையாக எழுதுவார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். தார் போடப் போட ரோடு உயர்ந்துகொண்டே போனது, ஓரத்து மண் மட்டும் அப்படியே இருந்தது. டூவீலர்காரன் தாரை விட்டு இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும். பாதி வழியில் ஒரு திருப்பம். அதன் ஒரு பக்கம் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மறுபக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாசனக் கிணறு, ரோட்டை ஒட்டியே. கிணற்று வளைவு என்போம். எதிரில் என்ன வருகிறது என்று அந்த இடத்தில் கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்தப் பாதையில் எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் தேவராஜ் அண்ணன். சோளிங்கர்க்காரர், மாதனூரில் வாடகைக்கு இருந்தார். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸை முழுசாக நிறுத்துவார். ஹேண்ட் பிரேக் போடுவார். தலைக்கு மேல் இருக்கும் உள்கண்ணாடியில் பார்ப்பார். ஏறினவள் படியை விட்டு உள்ளே வந்துவிட்டாளா, உட்கார்ந்தாளா, உட்கார இடமில்லாதவள் கம்பியைப் பிடித்தாளா என்று பார்ப்பார். பிடிக்காவிட்டால், "கம்பியப் புடிம்மா" என்பார். அவள் பிடிக்கிறவரை வண்டி நகராது. நாங்கள் கோபத்தில் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கிணற்று வளைவில் இன்னும் மோசம். திருப்பத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பார். எதிரில் ஒரு மொபெட் வந்தால்கூட அவனுக்காக இவ்வளவு பெரிய பஸ்ஸைப் பின்னுக்கு எடுப்பார். மொபெட்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். உள்ளே நாங்கள் கொதித்துப் போவோம்.

"இன்னாண்ணா, மொபெட்டுக்கெல்லாம் வழி விட்டா நாங்க எப்ப போய்ச் சேர்றது? மிதிங்கண்ணா" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"அவன் எங்கம்மா இறங்குவான்? இந்தாண்ட கிணறு, அந்தாண்ட கரும்பு. நான்தான் பின்னால போவணும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அவருக்கு நாங்கள் 'ஆமை அண்ணன்' என்று பேர் வைத்தோம். அவர் காதுபடவே கூப்பிடுவோம். அவரும் திரும்பிப் பார்ப்பார், பாவம்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று தலைக்கு மேல் நின்றது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பஸ் லேட். டார்கெட் போர்டில் என் லைன் கடைசி. பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், லீடர் என்றால் போய்ப் பேச வேண்டாமா என்று. பேசப் போனேன்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. மற்ற மேனேஜர்கள் பெண்களை நிற்க வைத்துக் கத்துவார்கள். இவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்பார். அப்புறம் கேள்வி கேட்பார். கேள்வி மட்டும்தான் கேட்பார். அவருக்கு என்ன பதில் வேண்டுமோ அது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும், நாம் தலையாட்டினால் போதும். வெளியே வந்த பிறகு பார்த்தால் எல்லாம் நாமே சொன்ன மாதிரி இருக்கும்.

"டிரைவர் ரொம்ப மெதுவா ஓட்றாரு சார். லைனே உக்காந்துடுது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மெதுவா ஓட்டறார்னு ஒரு டிரைவரை அனுப்ப முடியுமாம்மா? பஸ் காண்ட்ராக்டர் ஒத்துக்குவாரா?"

மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பஸ்ல எல்லாரும் லேடீஸ்தானே? உள்ளே கண்ணாடி இருக்கில்ல, அதுல அடிக்கடி பார்க்கறாரா?"

"பாப்பாரு சார்."

"யாரைப் பார்க்கறார்?"

"ஏறுறவங்களைத்தான் சார்."

"அது உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்கா?"

பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ஒன்றும் சின்னப்பிள்ளை அல்ல. அந்த மனிதன் எங்களைத் தப்பாக ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நானே செருப்பால் அடித்திருப்பேன். 'அப்படி இல்லை சார், நாங்க விழாம இருக்கணும்னு பார்க்கறார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மேனேஜருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு வழியே போர்டு தெரிந்தது. என் லைனின் எண் கடைசியில் இருந்தது.

"ஆமா சார். சங்கடமாத்தான் இருக்குது" என்றேன்.

இதுதான் அந்த ஒரு வார்த்தை.

மறுநாள் தேவராஜ் அண்ணன் பஸ்ஸில் இல்லை. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். மேல் பொத்தான் போட்ட அதே சட்டை. என்னைப் பார்த்ததும், "விஜயாம்மா, இன்னா ஆச்சு? என்னமோ சொல்றாங்களே, லேடீஸ் கம்ப்ளெய்ண்ட்டுன்னு? நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மாதனூர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சோளிங்கருக்கே போய்விட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அதோடு விடவில்லை கம்பெனி. பெண்கள் பாதுகாப்புக்காக என்று எல்லா பஸ்களிலும் உள்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

புதிதாக வந்தவன் பாலாஜி. பஸ்ஸா ஓட்டினான்? பறந்தான். பாட்டு அலறும். பஸ்ஸை நிறுத்துவது என்பதே கிடையாது. கொஞ்சம் மெதுவாக்குவான், நாங்கள் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். கிணற்று வளைவில் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடியே திரும்புவான். நாங்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து 'ஓ'வென்று கத்துவோம், ராட்டினத்தில் சுற்றுகிற மாதிரி. எதிரில் வந்த டூவீலர்காரர்கள் கரும்புக்குள் இறங்கினார்கள். அதைப் பார்த்தும் சிரித்தோம். ஆயுத பூஜைக்கு அவனுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தோம்.

இவ்வளவு வேகமாகப் போய் மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன கிழித்தோம் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேன்டீனில் டீ குடித்தோம். கேட்டில் நின்று ஊர்க்கதை பேசினோம்.

என் லைனில் சரளா என்று ஒருத்தி இருந்தாள். கோட்டை விட்டு அவள் தையல் விலகவே விலகாது. வெளிநாட்டிலிருந்து சரக்குப் பார்க்க வருகிறவர்களை அவள் மெஷின் பக்கம்தான் நிற்க வைப்போம். அவள் ஏறும் இடம் கிணற்று வளைவுக்குச் சற்று முன்னால். மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு கால் படியில், ஒரு கை கம்பியில். பாலாஜி அழுத்திவிட்டான்.

வளைவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் நேர் எதிரில் வந்தது. பாலாஜி இடப்பக்கம் ஒடித்தான். சக்கரம் தாரை விட்டு ஈர மண்ணில் இறங்கி, பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. படியில் சரளாவைக் காணோம். "நிறுத்துறா, நிறுத்துறா" என்று நாங்கள் எல்லாரும் அலறினோம். பாட்டுச் சத்தத்தில் நாங்கள் வழக்கம்போலக் கத்துகிறோம் என்று நினைத்துவிட்டான். பின்சக்கரம் அவள் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

அவளை மடியில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போனது நான்தான். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, கால் இருக்குதாக்கா? மெஷின மிதிக்க முடியுமாக்கா?" இருக்குதுடி, இருக்குதுடி என்று சொல்லிக்கொண்டே போனேன். உயிரைக் காப்பாற்றினார்கள். பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

போலீஸ் விசாரணைக்கு வந்தபோது மேனேஜரும் நானும் பக்கத்தில் நின்றோம். "ஏறிட்டாங்களான்னு பாக்க மாட்டியாடா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பாலாஜி அழுதுகொண்டே, "எதுல சார் பாக்கறது? உள்ள கண்ணாடியே இல்ல சார்" என்றான்.

தலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்தான். அந்த வேகத்தில் அந்த ரோட்டில் தலையைத் திருப்பினால் பஸ் கிணற்றில்தான் நிற்கும். கண்ணாடி ஏன் இல்லை என்று இன்ஸ்பெக்டர் அடுத்துக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன். சத்தமில்லாமல் எல்லா பஸ்களுக்கும் கண்ணாடி திரும்ப வந்தது.

சரளாவைக் கம்பெனி வைத்துக்கொண்டது. நூல் பிசிறு வெட்டுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். என் மேசையிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். நான் ஓய்வு பெறுகிறவரை தினமும் அந்த முதுகைப் பார்த்தேன். "நான்தான்க்கா அவசரப்பட்டுட்டேன்" என்று அவள் ஒருதடவை சொன்னாள். இல்லையடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பெரிய வாய் இருந்தும் வரவில்லை. போன மாதம் அந்தப் பெண்களை விரட்டிய மறுநாள்தான் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்த அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "மொதல்ல அங்க போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே சோளிங்கர் போனேன். நரசிம்மரைப் பார்க்க வந்த கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, மலையடிவாரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் விசாரித்தேன். தேவராஜ் என்றதும், "நம்ம மெதுவா ஆட்டோ ஓட்ற பெரியவரா?" என்று சிரித்துக்கொண்டே வீட்டைக் காட்டினார்கள்.

அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. "வா விஜயாம்மா, வா. எல்லாரும் நல்லா இருக்காங்களா? அந்தக் கிணத்துக்குச் செவுரு கட்டிட்டாங்களா?" என்று கேட்டார். மனைவி கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு, "நம்ம பஸ்ல லீடரா வந்துச்சே, அந்தப் பொண்ணு" என்றார். குடிக்கக் கலர் வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

கோவிந்தம்மாள் அக்கா என் எதிரில் உட்கார்ந்தார். உள்ளே மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒருதடவை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, நீயும் ஒரு பொம்பள. அந்த பஸ்ல வந்தவ. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. பொம்பளைங்கள ஒரு மாதிரி பாக்கறாருன்னு சொல்லித்தான் இவர வேலையை உட்டு எடுத்தாங்க. அவரு இல்லவே இல்லன்றாரு. மெய்யாலுமே அப்டிப் பாத்தாரா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. நாங்க விழாம இருக்கறமான்னு பாத்தாரு. அவ்ளோதான்."

"அப்ப யாரு அப்டிச் சொன்னது?"

"நான்தான்க்கா. பஸ்ஸ மெதுவா ஓட்றாருன்னு ஆத்திரத்துல சொல்லிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். கோவிந்தம்மாள் அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. உள்ளே மருமகள் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினார்.

"இந்தப் பொண்ணு மருமகளா வந்த நாள்லேர்ந்து, அவரு வீட்ல இருந்தா நான் வாசலத் தாண்டினதில்ல. தண்ணி புடிக்கக்கூடப் போனதில்ல. எங்கம்மா செத்தப்போ கூட இவளையும் கையோட கூட்டிக்கினுதான் போனேன். தனியா உட்டுட்டு எப்டிப் போறது? அப்டித்தானே நெனச்சேன், பாவி."

வாசலில் சத்தம் கேட்டது. தேவராஜ் அண்ணன் கலர் பாட்டில்களோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் காதில் விழுந்திருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை அவர். பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு மனைவியையே பார்த்தார்.

"முட்டி வலின்னு சொன்னியே கோவிந்து" என்றார். "அதனாலதான் எங்கயும் போறதில்லன்னு சொன்னியே. மாசாமாசம் தைலம் வாங்கியாந்து நான்தான தேச்சு உட்டேன்."